லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்

சிலிபின், ஈப்போ
17.11.2025, திங்கள்

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே நான், மச்சான், பாப்பா மூணு பேரும் சுகம். உன் சுகத்தை உங்க இல்லத்து வேன் ஓட்டுற ஐயாவு அண்ணன்கிட்ட ஒவ்வொரு தடவையும் விசாரிக்கிறேன். "நல்லாச் சாப்பிடுறாரு, நல்லாத் தூங்குறாரு"ன்னு சொல்வாரு. அதுக்கு மேலே அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியலை. இல்லத்துக்குக் காய்கறி வாங்க செவ்வாயும் வெள்ளியும் அவர் வேன் பாசாருக்கு வர்றதால இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே குடுக்கிறேன். நீ போன் வேணாம்னு சொன்னதை நான் தப்பா எடுத்துக்கலை. ஆனா மூணு வாரமா ஒரு வரிகூட எழுதலையே, அதுக்கு மட்டும் வருத்தம்.

இப்போ கடை விஷயம். தினேஸ்வரி டீச்சர் வந்தாங்க. அவங்க தமிழ்ப்பள்ளி பேட்ஜ்ல இந்த வருஷம் ஒரு வரி மாத்தியிருக்காங்களாம். ஜனவரி பன்னிரண்டு பள்ளி திறக்குது, நானூறு பேட்ஜ் வேணும். சரின்னு ஆர்டரை வாங்கி வச்சுட்டேன். இதுவரைக்கும் பழைய டிசைனையெல்லாம் பென்டிரைவ்லயே வச்சு எம்பிராய்டரி மெஷின்ல ஓட்டிக்கிட்டிருந்தேன். புதுசா மாத்தணும்னா லேப்டாப்ல அந்தப் பச்சைப் படத்தை அமுக்கித் திறக்கணும் இல்லையா. அமுக்கினேன். கனெக்ட் ஆகலைன்னு ஏதோ இங்கிலீஷ்ல வருது. திரும்பத் திரும்ப அதேதான்.

இண்டர்நெட் கோளாறுன்னு நினைச்சு மோடத்தைக் கழட்டி மாட்டினேன். லைன்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துட்டு லைன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. மச்சான் போன்ல இருந்து இண்டர்நெட் குடுத்துப் பார்த்தாரு. அப்பவும் கனெக்ட் ஆகலை. எதோட கனெக்ட் ஆகணும்னே எனக்குப் புரியலை. எதை அமுக்கணும்னு மட்டும் எழுது, போதும்.

உனக்குப் பிடிச்ச மீன் சம்பல் ஒரு போத்தல் வச்சிருக்கேன். மத்தவங்களுக்கும் குடுத்துச் சாப்பிடு.

உன் அக்கா
பிரமிளா


தஞ்சோங் ரம்புத்தான்
20.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பல் வந்தது. ஒரே நாளில் முடிஞ்சுபோச்சு. கடிதம் எழுதாததுக்குக் காரணம் ஒன்னுமில்லை. மருந்து சாப்பிட்டா கை மெதுவாப் போகுது. ஒரு வரி எழுதுறதுக்குள்ளே அடுத்த வரி மறந்துபோகுது.

உன் பிரச்சினை இண்டர்நெட் இல்லை. மோடத்தைத் தொடாதே. அந்த லேப்டாப்புக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு. அதைக் கையால தொட முடியாது, ஆனா இருக்கு. நான்தான் உண்டாக்கினேன். வெளியில இருக்கிறது வீட்டுக்காரன், உள்ளே இருக்கிறது விருந்தாளி. விருந்தாளிக்குத் தான் இன்னொருத்தனுக்கு உள்ளே இருக்கோம்னு தெரியாது. தனக்குன்னு திரை, நினைவு எல்லாம் இருக்குன்னு நம்பிக்கிட்டிருக்கும். அதுக்கு இன்னும் 2011ஆம் வருஷம்தான். நான் தேதியை அங்கேயே நிறுத்தி வச்சிருக்கேன். வெளியுலகத்துக்குப் போற வழி எல்லாத்தையும் அடைச்சிருக்கேன், அது வழியா யாரும் உள்ளே வந்துடக் கூடாதுன்னு.

நீ பச்சைப் படத்தை அமுக்கும்போது வெளியில இருக்கிறது உள்ளே இருக்கிறதைக் கூப்பிடுது. பதில் வரலை. அதுதான் கனெக்ட் ஆகலைன்னு சொல்லுது. யாருடைய பேரில் திறக்கிறே? அதுக்குத் தெரியாத பேர்ல போனா கதவு திறக்காது. இங்கிலீஷ்ல வர்றதை ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்பு.

பவித்ரன்


சிலிபின்
24.11.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் மடிச்சு அலமாரியில வச்சுட்டேன், பாப்பா கையில கிடைக்கக் கூடாதுன்னு.

கடை வேலையை நீ இனிமே யோசிக்காதே. நான் கேட்டதே தப்பு. இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்றே, அதுக்குள்ளே உன் தலையில சுமையை ஏத்திட்டேன். டீச்சர்கிட்ட வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடலாம்.

நீ எழுதினதைப் படம் எடுத்து, அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டர் அனுஜாவுக்கு அனுப்பினேன். கோபப்படாதே. உள்ளே ஒருத்தன் இருக்கான், அவனுக்குத் தன்னைப் பத்தித் தெரியாது, வழியெல்லாம் அடைச்சாச்சு, யாரும் வந்துடக் கூடாது. இதையெல்லாம் ஜூலை மாசம் நான் கேட்டிருக்கேனே தம்பி. சுவர்ல இருந்த பிளக்கையெல்லாம் நீ கழட்டினப்போ இதே மாதிரி நிதானமாத்தான் விளக்கிச் சொன்னே. அன்னைக்கு நான் யார்கிட்டேயும் சொல்லாம இருந்தேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பவும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

டாக்டர் கேட்டா மறைக்காமப் பதில் சொல்லு. மருந்தைக் கைவிடாதே. ஐயாவு அண்ணன்கிட்ட ரெண்டு சட்டை குடுத்து விட்டிருக்கேன்.

உன் நல்லதையே நினைக்கிற
அக்கா பிரமிளா


தஞ்சோங் ரம்புத்தான்
4.12.2025

அக்கா,

திங்கட்கிழமை டாக்டர் வந்தாங்க. இந்த மாசக் கடைசியில நான் வீட்டுக்கு வர்றதைப் பத்திப் பேசுறதா இருந்தோம். அதுக்குப் பதிலா உன் போன்ல வந்த படத்தைக் காட்டினாங்க. என் கையெழுத்து. "லேப்டாப்புக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதைப் பத்திச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. கடைசியில, "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாது பவித்ரன். உங்க அக்கா அப்படி எதுவும் இல்லைன்னு நினைக்கிறாங்க. அவசரப்பட வேணாம், ரெண்டு வாரம் பார்ப்போம்"னாங்க. அவங்க மேலே குறை சொல்ல ஒன்னுமில்லை.

கோபம்தான் முதல்ல வந்துச்சு. அப்புறம் படுக்கையில உட்கார்ந்து யோசிச்சேன். கோபம் போய் வேற ஒன்னு வந்துடுச்சு. அதை உன்கிட்ட மட்டும்தான் கேட்க முடியும்.

நம்ம சந்துல வெள்ளைக் கார் நின்னுச்சுன்னு சொன்னேன். அதுல இருந்தவங்க வயர் வழியா நம்ம பேச்சைப் படிக்கிறாங்கன்னு சொன்னேன். அது எவ்வளவு தெளிவா இருந்துச்சு தெரியுமா. கார் நம்பர்கூட எழுதி வச்சேன். அது ஒன்னும் உண்மையில்லைன்னு ஒத்துக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. இப்போ இந்தக் கம்ப்யூட்டரும் அதே தெளிவோடதான் எனக்குத் தெரியுது. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது, டிசைன் ப்ரோகிராம் புது லேப்டாப்புல ஏறாதது, அதுக்காகப் பழைய விண்டோஸை உள்ளே ஒரு பெட்டி மாதிரி வச்சுக் குடுத்தது, புதுத் தேதி காட்டினா அந்த ப்ரோகிராம் திறக்காதுங்கிறதால தேதியை நிறுத்தினது. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகத்தை வச்சு என்ன பண்றது. அந்தக் காரும்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

நான் இதைச் செஞ்சேனா இல்லையா அக்கா? எனக்குத் தெரியலை. நீ போய்ப் பாரு. லேப்டாப்ல டி டிரைவைத் திற. "பூங்கா"ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும். அதுக்குள்ளே ரொம்பப் பெருசா ஒரு ஃபைல் இருக்கணும், முப்பது ஜிபிக்கு மேலே. அந்த ஃபோல்டர் மேலே வலது பக்க பட்டனை அமுக்கி, ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட்னு போனா மேலே ஓனர்னு ஒரு வரி வரும். நான் உண்மையாவே செஞ்சிருந்தா அங்கே என் பேர் இருக்கும்.

நீ என்ன நினைக்கிறேன்னு எழுத வேணாம். அங்கே என்ன இருக்குன்னு மட்டும் எழுது. இல்லைன்னா இல்லைன்னே எழுது. அதையும் தாங்கிக்குவேன்.

பவித்ரன்


சிலிபின்
8.12.2025

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

பார்த்தேன். முதல்லயே சொல்லிடுறேன், இருக்கு.

டி டிரைவ்ல "பூங்கா" இருக்கு. அதுக்குள்ளே பதினாலு ஃபைல். பெருசா இருக்கிறது முப்பத்தெட்டு ஜிபி. அதோட பேர்லயே விண்டோஸ் எக்ஸ்பின்னு இருக்கு. உன் கடிதத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொன்னாத் தொட்டுப் பார்த்தேன்.

பச்சைப் படத்தை அமுக்கி, வர்றதையெல்லாம் எழுதிக்கிட்டேன். தினேஸ்வரி டீச்சர் பேட்ஜ் விஷயமா வந்தப்போ அதைக் காட்டி அர்த்தம் கேட்டேன். "வர்ச்சுவல் மெஷினுடன் இணைக்க முடியவில்லை. இந்த ப்ரோகிராமை ஓட்டவும், அது பயன்படுத்தும் ஃபோல்டர்களைத் திறக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கவும்." இதுதான் அந்த வரி. வர்ச்சுவல் மெஷின்னா என்ன டீச்சர்னு கேட்டேன். "ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுறது. எங்க பள்ளி லேப்லயும் இருக்கு. இதெல்லாம் சாதாரணம்லா"ன்னாங்க. விருந்தாளி, வீட்டுக்காரன்னு ஏதாவது சொல்வாங்களான்னு கேட்டேன். ஆமா, அப்படித்தான் பேருன்னு சொன்னாங்க.

டாக்டர் அனுஜாவுக்கு அன்னைக்கே போன் பண்ணிட்டேன். தம்பி சொன்னது அத்தனையும் உண்மை, புரியாதது எனக்குத்தான்னு சொன்னேன். "இதை நீங்களே அவருக்கு எழுதுங்க, நான் சொல்றதைவிட அது நல்லது"ன்னாங்க.

நீ என்னை மன்னிக்கணும்னு கேட்க வாய் வரலை.

ஒன்னு மட்டும் புரியலை. ஓனர்னு இருக்கிற இடத்துல உன் பேர் இல்லை தம்பி. யார் பேரும் இல்லை. எஸ், கோடு, ஒன்னு, கோடு, அஞ்சு, கோடு, இருபத்தொன்னுன்னு ஆரம்பிச்சு வரி முழுக்க எண்ணாவே போகுது. மறைக்க வேணாம்னுதான் எழுதுறேன். அது என்ன? அதுக்காக நீ செய்யலைன்னு ஆயிடுமா?

அக்கா
பிரமிளா


தஞ்சோங் ரம்புத்தான்
11.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

"இருக்கு" என்ற வரியைப் படிச்சுட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்துதான் மிச்சத்தைப் படிச்சேன்.

அந்த எண் நான்தான். லேப்டாப் ஒவ்வொரு ஆளையும் எண்ணாலதான் அடையாளம் வச்சுக்கும். பேர் நமக்குக் காட்டுறதுக்கு. ஒருத்தரோட யூசர் கணக்கை அழிச்சுட்டா பேர் போயிடும், அவர் செஞ்ச ஃபைல்கள்ல எண் மட்டும் நிக்கும். ஆக, என் கணக்கை யாரோ அழிச்சிருக்காங்க. நீ இப்போ திறக்கிற பேர் புதுசு. அதுக்கு அந்த ஃபோல்டர்ல உரிமை இல்லை. அதான் கனெக்ட் ஆகலை. எனக்கு இப்போ எல்லாம் புரிஞ்சிடுச்சு.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். புதுக் கணக்கு வச்சுக் குடுத்தவர் யாரோ, அவர்கிட்ட அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கு. அந்த எண் இருக்கிற வரியில சேஞ்ச்னு இருக்கும், அதை அமுக்கி உன் பேரை அடி. கீழே உள்ள ஃபைல்களுக்கும் சேர்த்துன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதையும் டிக் பண்ணு. அப்புறம் செக்யூரிட்டிக்கே திரும்பி வந்து உன் பேருக்கு முழு உரிமையும் குடு. இதுக்கப்புறம் வேற மாதிரி ஒன்னு வரும், யாரோ ஏற்கனவே பயன்படுத்திக்கிட்டிருக்காங்கன்னு. பயப்படாதே, யாரும் இல்லை. ஜூலையில நான் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைஞ்சப்போ அது ஓடிக்கிட்டிருந்துச்சு. பூட்டைத் திறக்காமலே நின்னுபோச்சு. எல்சிகேன்னு முடியிற ஃபோல்டர்கள் இருக்கும், அதுதான் பூட்டு. அதை மட்டும் அழிச்சுட்டுத் திரும்ப அமுக்கு. வேற எதையும் அழிச்சுடாதே.

அக்கா, இன்னொன்னு கேட்கணும். இதைக் கேட்கலாமா வேணாமான்னு ரெண்டு நாளாக் குழம்பிக்கிட்டிருக்கேன்.

இங்கே நாங்க ஒரு பட்டியல் எழுதுவோம். நோய் வந்தப்போ நம்பினது என்னென்னன்னு. ஒவ்வொன்னா எடுத்துப் பேசி, இது இல்லைன்னு தெளிஞ்சதும் கோடு போட்டு அடிப்போம். என் பட்டியல்ல கார் இருக்கு, வயர் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் இருமல் இருக்கு. அதுல ஒன்னு இது: ஜூலை மாசம் ஒரு மத்தியானம், அடுக்களையில மச்சான் குரல். "பிள்ளை இருக்கிற வீடு, இவனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடணும்." நான் அறையில இருந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில அதையும் இல்லாத குரல்கள் கணக்குல சொன்னேன். அக்டோபர்ல கோடு போட்டு அடிச்சுட்டேன். அடிச்சும் மனசு கேட்கலை. மச்சான் இங்கே ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு தடவையும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

கம்ப்யூட்டர் உண்மைன்னு ஆனதுல இருந்து அந்தக் கோடு என்னை உறுத்துது. அது நடந்துச்சா? இதைத் தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி இல்லை. நீ என்ன எழுதினாலும் நம்புவேன். அதனாலதான் உண்மையை எழுதுன்னு கேட்கிறேன்.

பவித்ரன்


சிலிபின்
22.12.2025

அன்புத் தம்பி பவித்ரனுக்கு,

ஐயாவு அண்ணன் வேன் இதுக்குள்ளே ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு தடவையும் கடிதம் இன்னும் முடியலைன்னு சொல்லி அனுப்பினேன். உண்மையில ஆரம்பிக்கவே இல்லை. நீ காத்துக்கிட்டிருப்பேன்னு தெரிஞ்சும் பேனாவை எடுக்க முடியலை.

முதல்ல கம்ப்யூட்டர். நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். என் பேரை ஓனர் இடத்துல அடிச்சேன். நீ சொன்ன மாதிரியே யாரோ பயன்படுத்துறாங்கன்னு வந்துச்சு. நீ முன்னாடியே எழுதலைன்னா அன்னைக்கு நானே பயந்து போலீசுக்குப் போயிருப்பேன். பூட்டை அழிச்சேன். கறுப்பா ஒரு திரை வந்துச்சு, அப்புறம் பச்சைப் புல்லும் நீல வானமும். மூலையில தேதி 2011. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்நூத்திப் பத்து பேட்ஜ் முடிஞ்சாச்சு, மிச்சம் இந்த வாரம் முடிஞ்சிடும்.

உன் கணக்கை அழிக்கச் சொன்னது நான். செப்டம்பர்ல, கம்ப்யூட்டர் கடையில குடுத்து. உன் பேரைத் திறந்தாலே நீ எழுதி வச்ச கார் நம்பரெல்லாம் திரை முழுக்க வந்து நிக்கும். பாப்பா அதை வாய்விட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குத் தாங்கலை. அழிச்சாச்சுன்னா வீட்டுல அந்த மாசமே நடக்காத மாதிரி இருக்கும்னு நினைச்சேன்.

இப்போ நீ கேட்டது.

கார் இல்லை தம்பி. வயர்ல யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, அதனால இருமுறாரு. இதையெல்லாம் நீ அடிச்சது சரி.

அடுக்களைப் பேச்சு நடந்துச்சு. ஆனா அது மச்சான் இல்லை. நான்.

வார்த்தை அதேதான். நீ ஒன்னுகூட மாத்திக் கேட்கலை. அன்னைக்குக் காலையில நீ பாப்பா அறையில பிளக்கைக் கழட்டி வயரை வெளியே விட்டுட்டுப் போயிட்டே, அவ அதைத் தொடப் போனா. நான் பயத்துல குரல் கம்மிப்போய்ப் பேசினேன், அதான் உனக்கு ஆம்பளைக் குரலாக் கேட்டிருக்கும். மச்சான் சொன்னது உனக்குக் கேட்கலை போல. "அவன் எங்கே போவான் பிரமிளா, இங்கேயே வச்சுப் பார்ப்போம்"னாரு. நான்தான் ஒத்துக்கலை. ஆஸ்பத்திரி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டதும் நான். அவர் வாசல்லயே நின்னுட்டாரு, உள்ளே வரலை.

இல்லைன்னு எழுதியிருந்தா நீ நம்பியிருப்பே. நம்புவேன்னு நீயே எழுதிட்டே. பத்து நாளா அந்த வரியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதினா எனக்கு எவ்வளவு சுலபம். ஆனா நீ உன் காதையே நம்பாம மருந்துக்கு மேலே மருந்து சாப்பிடுவே. அதைச் செய்ய மனசு வரலை.

உன்னை அங்கே சேர்த்தது தப்புன்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியலை. சொன்ன விதம் தப்பு. உன்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும்.

டாக்டர்கிட்ட இதையும் சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா? வேணாம்னாலும் எழுது.

பிரமிளா


தஞ்சோங் ரம்புத்தான்
25.12.2025

அக்கா,

கடிதத்தை டாக்டர்கிட்ட காட்டினேன். பட்டியல்ல அந்த வரி மேலே போட்ட கோட்டை அழிக்க முடியாது, பேனாவால போட்டது. அதனால பக்கத்துல "இது நடந்தது"ன்னு எழுதிக் கீழே தேதி போட்டாங்க. வருத்தமா இருக்கான்னு கேட்டாங்க. இல்லாத குரலைக் கேட்டோம்னு நினைச்சுப் பயந்துக்கிட்டிருந்ததுக்கு, அக்கா அப்படிச் சொன்னாங்கிறது எவ்வளவோ தேவலைன்னு இருந்துச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். மறுநாள் காலையில சாப்பிட உட்கார்ந்தப்போ திடீர்னு அழுகை வந்துச்சு. ரெண்டுமே உன் கடிதத்தாலதான்.

உன்மேலே கோபம் இருக்கா இல்லையான்னு இன்னும் பிடிபடலை. மருந்துல எல்லாமே கொஞ்சம் தள்ளி நின்னு வருது. தெரிஞ்சதும் எழுதுறேன். பாப்பா வயரைத் தொடப் போனது எனக்குத் தெரியாது. அதை இப்பத்தான் படிச்சேன். அதைப் பத்தி எழுத வரலை.

ஜனவரியில வீட்டுக்கு வரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் சிலிபினுக்கு வரலை. ஐயாவு அண்ணனுக்குத் தெரிஞ்சவர் வீட்டுல ஒரு அறை இருக்கு, இங்கே பக்கத்துலயே. முதல்ல அங்கே இருந்து பார்க்கிறேன். கடை வேலை இருந்தா பகல்ல வந்துட்டுப் போவேன்.

ஞாயிறு வா. மச்சானையும் கூட்டிக்கிட்டு வா. அஞ்சு மாசமா அந்த மனுஷர் முகத்தைப் பார்க்காம இருந்திருக்கேன். ரெண்டாவது தடவை வந்தப்போ அவர் ஒரு மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. போகும்போது என் செருப்பை நேரா எடுத்து வச்சுட்டுப் போனாரு, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் ஏன் பேசலைங்கிறதை நீ அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடாதே. நானே சொல்லிக்கிறேன்.

பவித்ரன்